கண்ணாயிரத்தின் மேல் ஒரு பிராது

சிதம்பரத்தில் கல்யாணம் நடத்தியவர்களில் கண்ணாயிரத்தைத் தெரியாதவர்கள் குறைவு. பஸ் ஸ்டாண்டுக்கும் கீழவீதிக்கும் நடுவில் இருக்கிற ஒரு கல்யாண மண்டபத்தில் அவர் மேனேஜர். மண்டபத்தின் பெயரைச் சொன்னால் அதன் முதலாளி காசில்லாத விளம்பரம் என்று குதிப்பார். அந்தச் சந்தோஷத்தை அவருக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை. கண்ணாயிரத்துக்கு ஊர் காட்டுமன்னார்கோயில் பக்கம். நெல் விளைகிற பூமியை அண்ணன் பார்த்துக்கொள்ள, இவர் சின்ன வயசிலேயே சிதம்பரத்துக்கு வந்து சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டவர். ஒல்லியான உடம்பு, எப்போதும் வெள்ளைச் சட்டை, பக்கத்தில் இருப்பவர் காதைக் கொடுத்தால்தான் கேட்கும் குரல்.

அந்தக் குரலுக்குத்தான் சம்பளம் என்று சொல்ல வேண்டும். கல்யாண மண்டபம் என்றால் நாதஸ்வரமும் பன்னீரும் என்று நினைப்பவர்கள் பந்தியில் மட்டும் உட்கார்ந்து எழுந்து போனவர்கள். உள்ளே இருந்து பார்த்தால் அது சண்டைக்கென்றே கட்டிய கட்டடம். ஏசி ரூம் யாருக்கு, முதல் பந்தியில் யார், சம்பந்திக்குக் காப்பி ஆறிப்போய் வந்தது ஏன் என்று விடிய விடிய ஏதாவது ஒன்று வெடிக்கும். எது வெடித்தாலும் "கண்ணாயிரத்தக் கூப்புடு" என்பார்கள்.

போன வைகாசியில் ஒரு கல்யாணம். வாசலில் வைத்த ஃப்ளெக்ஸில் மாப்பிள்ளையின் பெரியப்பா படம் விட்டுப்போய்விட்டது. மனிதர் மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வேன் பிடித்து ஆட்களோடு வந்திருக்கிறார். வாசலிலேயே நின்றுகொண்டு கத்துகிறார்.

"எந்தம்பி மவன் கல்யாணம் இது. நான் பெரியப்பன். என் மூஞ்சி எங்கடா? வூட்டு நாய்க்குட்டி படம் போட்டிருக்கீங்க, என் படம் இல்ல. வேனைத் திருப்புங்கடா!"

கண்ணாயிரம் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார். "உக்காருங்க" என்று சொல்லவில்லை. ஒன்றில் அவரே உட்கார்ந்துகொண்டார். உட்கார்ந்திருப்பவனைப் பார்த்து நின்றபடி கத்துவது எவ்வளவு சிரமம் என்று கத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குனிய வேண்டும், கழுத்து வலிக்கும். கொஞ்ச நேரத்தில் பெரியப்பாவும் உட்கார்ந்தார்.

"நாய்க்குட்டி படம் இருக்குது. ஒங்க படம் இல்ல," என்றார் கண்ணாயிரம், அவர் சொன்னதையே மெதுவாக எடுத்து. "யாரா இருந்தாலும் வயிறு எரியத்தான் செய்யும்."

அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. தண்ணீர் வந்தது. பெரியப்பா குடித்தார். பதில் சொல்ல ஆள் இல்லாத கோபம் தானாக ரெண்டு சுற்றுச் சுற்றிவிட்டு உட்கார இடம் தேடியது. அப்போதுதான் கண்ணாயிரம் வாயைத் திறந்தார்.

"பெரியப்பா, நாளைக்கு வாசல்ல நின்னு வர்றவங்கள வாங்கன்னு கூப்புட யாரையாவது போட்டிருக்காங்களா? ஃப்ளெக்ஸ்ல இருக்கறவங்க யாரும் கூப்புட மாட்டாங்க. ஒங்கள மாதிரி ஒருத்தர் நின்னாத்தான் அது கல்யாண வாசல். நீங்க சொல்லுங்க, நான் வேற ஆள் பாக்கட்டுமா?"

மறுநாள் சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் பட்டுத் துண்டு போட்டுக்கொண்டு பெரியப்பாதான் நின்றார். வேன் சாயந்திரம்தான் திரும்பியது. ஏறும்போது அவர் கண்ணாயிரத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, ஏதோ யோசனையாக, "ஒங்கிட்ட பேசுனப்பறம் எங்கோவம் எங்க போச்சின்னே தெரியல தம்பி. எங்கியோ வெச்சிட்டு மறந்துட்ட மாதிரி இருக்குது" என்றார்.

கண்ணாயிரம் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

வீட்டிலும் இதே கதைதான். விருத்தாம்பாளைக் கட்டி முப்பது வருஷம் ஆகிறது. ஒரு நாள் கூட இரண்டு பேரும் சத்தம் போட்டுப் பேசியதில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. அவள் விருத்தாசலத்துப் பெண். அந்தப் பக்கத்துப் பெண்களுக்கு வாய் ஜாஸ்தி என்று கல்யாணத்தின்போது சொந்தக்காரர்கள் பயமுறுத்தியிருந்தார்கள். அந்த வாயைக் கண்ணாயிரம் கண்டதே இல்லை. அவள் எதையாவது கேட்பாள். இவர் முடியாது என்று சொல்ல மாட்டார். "நீ சொல்றதும் நாயந்தான்" என்று தொடங்குவார். தொடங்கி, மெதுவாகச் சுற்றி, நல்லது கெட்டதை எல்லாம் அவள் முன்னாலேயே பரப்பிவைத்து, கடைசியில் அவளே "அப்ப வேணாம் வுடுங்க" என்று சொல்லும்படி கொண்டுவந்து நிறுத்திவிடுவார். அவளே சொன்னது. அவர் சொல்லவில்லை. அதுதான் அவருடைய சாமர்த்தியம்.

இந்த வருஷம் கேட்டது ஒன்றுதான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெயராணி என்கிற பெண்ணும் அவளுடைய மகளிர் குழுவும் ஒரு சின்ன சிற்றுண்டிக் கடை நடத்துகிறார்கள். மகள் இளமதியைக் கட்டிக்கொடுத்த வீடு அங்கேதான். மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது விருத்தாம்பாள் ஒரு நாள் ஒத்தாசைக்கு நின்று சாம்பார் வைத்துக் கொடுக்க, அந்தச் சாம்பாரை ஜெயராணி மறக்கவில்லை. "சமையலுக்கு நீங்களே வந்துடுங்கக்கா. வாரத்துல அஞ்சு நாளு. ராத்திரிக்கு மவ வூட்ல தங்கிக்கலாம்" என்று சொல்லி அனுப்பினாள்.

விருத்தாம்பாள் கேட்டாள். கண்ணாயிரம், "நீ சொல்றதும் நாயந்தான். ஒன் கைக்கு நல்ல சமையல்தான். பஸ்ஸுலதான் இப்பல்லாம் கூட்டம். மாப்ள வூட்ல அஞ்சு நாளு தங்குனா அவங்க மனசுல இன்னா நெனைப்பாங்க, அதையும் பாக்கணும். ஒனக்கு மொழங்கால் வலி வேற. யோசிப்போம்" என்றார். அவள் மறுபடி கேட்டாள். அவர் மறுபடி யோசித்தார். அப்புறம் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். விஷயம் முடிந்தது என்று கண்ணாயிரம் நிம்மதியாக இருந்தார்.

ஆவணி முகூர்த்தத்துக்கு முந்தின நாள். மண்டபத்துச் சமையல்கட்டில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது சமையல்காரர் அய்யனார்தான் அதைப் பேச்சோடு பேச்சாகப் போட்டார்.

"அண்ணே, விருத்தாசலத்துல ஒரு வேலைக்குப் போயிருந்தேன். அப்படியே மணவாளநல்லூர் போய்க் கொளஞ்சியப்பரக் கும்புட்டேன். அண்ணியப் பாத்தேனே. பிராது கட்டிக்கிட்டு நின்னாங்க. யாரு மேலண்ணே?"

கண்ணாயிரம் கையில் இருந்த டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

இந்த ஜில்லாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் சாமியிடம் பிராது கொடுக்கலாம். யாராவது நமக்கு அநியாயம் செய்தால், போலீசும் பஞ்சாயத்தும் கேட்காவிட்டால், குறையை ஒரு தாளில் எழுதி, சாமி காலடியில் வைத்து எடுத்து, முனியப்பருக்கு முன்னால் இருக்கிற வேலில் கட்டிவிட்டு வந்துவிட வேண்டும். மூன்று மாசத்துக்குள் சாமி தீர்த்துவைக்கும் என்பது நம்பிக்கை. தீர்ந்த பிறகு சும்மா இருந்துவிடக் கூடாது. திரும்பப் போய், "என் குறை தீர்ந்தது, பிராதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்" என்று ராஜினாமா கொடுக்க வேண்டும். தன் மேல் பிராது கட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் பெரிய ரௌடிக்கும் ராத்திரி தூக்கம் வராது.

தம்பி வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்றுதானே அவள் போனாள்? இரண்டு நாள் கழித்துக் கொய்யாப் பழத்தோடு வந்தாளே. அவளுக்கு யார் மேல் என்ன குறை? அவருக்குத் தெரியாமல் அவளுக்கு ஒரு விரோதியா?

கண்ணாயிரத்துக்கு ஒன்றும் பிடிபடவில்லை. முதலில் பக்கத்து வீட்டுக் கார்த்யாயினி மாமி மேல் சந்தேகம் போனது. மாமி வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்து இவர்கள் கொல்லையில் பாயும். மாமியின் வீட்டுக்காரர் நடராஜர் கோயிலில் பூஜை செய்கிற குடும்பத்தவர். காலையில் போனால் மத்தியானம்தான் வருவார். அவர் இல்லாத நேரத்தில் கண்ணாயிரம் வாசலில் போய் நின்று, தொண்டையைச் செருமி, தண்ணீர்த் தொட்டி என்கிற வார்த்தையே வராமல் தண்ணீர்த் தொட்டியைப் பற்றிப் பேசினார்.

மாமி புரிந்துகொண்டாள். "தொட்டிக்கு மிதவை வாங்கிப் போட்டு ஆறு மாசம் ஆறது. உங்காத்துக்காரிக்கு எம்மேல என்ன கோவம்? தினம் சாயங்காலம் இங்கதான் உக்காந்து பேசிண்டிருப்பா."

"என்ன மாமி பேசுவா?"

மாமி ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தாள். "எனக்கு அடுப்புல வேலை இருக்கு" என்று உள்ளே போய்விட்டாள்.

விருத்தாம்பாளின் தம்பிக்குப் போன் செய்தார். நிலத்து வரப்பில் ஏதாவது தகராறா என்று சுற்றிவளைத்துக் கேட்டார். "இன்னா மச்சான், எந்நாளும் இல்லாத திருநாளா வரப்பப் பத்திக் கேக்கறீங்க? எங்கக்கா ஒண்ணும் கேக்கலையே" என்று அவன் பயந்துபோனான். ரேஷன் கடைக்காரர், பால்காரர், மாப்பிள்ளை அருண்குமாரின் அம்மா என்று ஒவ்வொருவராக மனசுக்குள் நிறுத்தி விசாரித்தார். எல்லோரும் நிரபராதிகளாகவே இருந்தார்கள். தன்னை அந்த வரிசையில் நிறுத்திப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருக்கவும் முடியாது. கத்தாத மனிதனுக்குத் தான் குற்றவாளி என்று எப்படித் தெரியும்?

கடைசியில் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, குரலை இன்னும் கொஞ்சம் தாழ்த்தி, நேராகவே கேட்டார். "நீ பிராது கட்டுனியாம்."

"ஆமா, கட்டுனேன்." ரசம் ஊற்றினாள்.

"ஒம் மனசுல ஏதோ பெரிய வருத்தம் இருக்குது. இல்லாட்டி அவ்ளோ தூரம் போயிருக்க மாட்ட."

"ஆமா."

"யாரு மேலன்னு சொன்னா, பேசித் தீத்துடலாம்ல?"

"பேசித் தீத்துடுவீங்கன்னுதான் சாமிகிட்ட போனேன்," என்றாள் விருத்தாம்பாள். "அப்பளம் போடட்டா?"

எதிராளி கத்தினால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியும். அழுதால் தெரியும். எல்லாவற்றுக்கும் ஆமா போட்டுவிட்டு அப்பளம் வேண்டுமா என்று கேட்டால் என்ன செய்வது? அப்பளம் வேண்டும் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அவள் மகளைப் பார்க்கக் கடலூருக்குப் போனாள். அன்று மண்டபத்தில் வேலை இல்லாததால் கண்ணாயிரமும் பின்னாலேயே பஸ் ஏறினார். மஞ்சக்குப்பத்தில் மகள் வீட்டை அடைந்தபோது விருத்தாம்பாள் இல்லை. ஜெயராணியைப் பார்க்கப் போயிருந்தாள். தேவனாம்பட்டினத்திலிருந்து வந்த சங்கரா மீனைக் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து இளமதி ஆய்ந்துகொண்டிருந்தாள். கண்ணாயிரம் பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"அம்மா யாரு மேல பிராது கட்டியிருக்கு, ஒனக்குத் தெரியுமா?"

செதிலைச் சுரண்டிக்கொண்டே, "ஒம்மேலதாம்பா" என்றாள் மகள்.

அவர் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"எம்மேலயா? நான் இன்னா பண்ணேன்? ஒரு வார்த்த அதிர்ந்து பேசியிருப்பனா?"

"இன்னான்னு அம்மாதான் சொல்லணும். நான் சொல்லக் கூடாது." அவள் மீனைத் திருப்பிப் போட்டாள். "எனக்கும் ஒண்ணு இருக்குப்பா. கேக்கறதுன்னா சொல்றேன். கோயம்புத்தூர் காலேஜ்ல சேரணும்னு நின்னேனே, ஞாபகம் இருக்கா?"

"நீதான வேணாம்னு சொன்ன. சிதம்பரமே போதும்னு."

"நாந்தான் சொன்னேன். ஒரு வாரம் நீ எங்கிட்ட நல்லாப் பேசுன. திட்டல, அடிக்கல. ஆஸ்டல் சாப்பாடு, ஒடம்பு, ரயிலு எல்லாம் சொன்ன. கடைசில நாந்தான் வேணாம்னேன். ஆனா இன்னி வரைக்கும் அது என் முடிவா ஒன் முடிவான்னு எனக்கே தெரியலப்பா. எங்கூடப் படிச்ச பொண்ண அவங்கப்பா அறைஞ்சி போகாதன்னாரு. அவளுக்குக் கோச்சிக்க ஒரு ஆளு இருந்துச்சி. நான் யாரக் கோச்சிக்கறது?"

கண்ணாயிரம் வாயைத் திறந்தார். "நீ சொல்றதும்..." என்று வந்துவிட்டது. அதற்கு மேல் போகாமல் நிறுத்திக்கொண்டார். மீன் வாடை தாங்காதவர் போல எழுந்து முன்பக்கம் போய்விட்டார்.

அறைந்த அப்பனே மேல் என்கிறாளா? அப்படியும் சொல்லவில்லையே. அப்படியானால் எது சரி? ஊரில் எத்தனை கல்யாணங்கள் அவர் நாக்கினால் நிற்காமல் நடந்திருக்கின்றன. அந்த நாக்கே குற்றம் என்றால் மனிதன் எதை வைத்துப் பேசுவது?

விருத்தாம்பாள் வந்தாள். அவரைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. "எப்ப வந்தீங்க?" என்று கேட்டு உள்ளே போய், ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு நாற்காலிகளை எடுத்துப் போட்டு, ஒன்றில் தானே உட்கார்ந்தாள். கண்ணாயிரம் தண்ணீரைக் குடித்துவிட்டு மற்றதில் உட்கார்ந்தார்.

"எம்மேல பிராதாமே," என்றார். "இன்னா வேணும் ஒனக்கு? சமையல் வேலைக்குப் போவணும், அவ்ளோதானே?"

"நீங்க சொல்றது சரிதாங்க," என்றாள் அவள் மெதுவாக. "பஸ்ஸு கூட்டந்தான். மொழங்கால் வலியும் இருக்குது. மாப்ள வூட்ல தங்கறது ஒரு மாதிரிதான். நீங்க சொன்னதுல ஒண்ணு கூடத் தப்பில்ல."

அவர் தலையாட்டினார்.

"அதனாலதான் எல்லாத்தையும் கேட்டுட்டு வந்தேன். மாப்ளகிட்டயே கேட்டேன். அத்தே வந்தா இளமதிக்குத் தொணையா இருக்கும்னாரு. காலைல பஸ்ஸுல போவ வேணாம், கட இங்கேர்ந்து நடக்கற தூரந்தான். நின்னு சமைக்க வேணாம்னு ஜெயராணி ஒரு முக்காலி போட்டிருக்குது. வெள்ளிக்கெழம சாயங்காலம் அங்க வந்துடுவேன். சனி ஞாயிறு முகூர்த்தம்னா நீங்க மண்டபத்துலதான் இருப்பீங்க, அப்ப நான் வூட்ல இருந்தா எந்நேரம் வந்தாலும் கதவத் தொறக்க ஒரு ஆளாச்சி." நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள். "ஒங்களுக்குச் சரிப்படலன்னா நான் போவல. நீங்களே சொல்லுங்க. வேணாம்னு சொல்லிடட்டா?"

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். தெருவில் ஐஸ் வண்டி மணி அடித்துக்கொண்டு போனது. கண்ணாயிரம் ஒரு காரணம் தேடினார். தேடிய காரணத்தை எல்லாம் அவள் முன்கூட்டியே எடுத்துத் துடைத்து அடுக்கிவைத்துவிட்டிருந்தாள்.

"வேணாம்னு எதுக்குச் சொல்ற? போயிட்டு வா," என்றார்.

"நீங்க சொன்னா சரி," என்றாள் விருத்தாம்பாள்.

"அப்ப பிராது தீந்துச்சில்ல?"

"வேலைக்கு அனுப்பலன்னு நான் பிராது கட்டலங்க. அது வேற. அது கெடைக்காது போலருக்கு. கெடைச்ச வரைக்கும் போதும்னு ராஜினாமா குடுத்துடறேன். வர்ற புதங்கெழம போவலாம், வரீங்களா?"

வேறு என்றால் எது என்று கேட்பதற்குள் மகள் மீன் குழம்போடு வந்துவிட்டாள்.

விருத்தாம்பாள் மகள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். தனியாகச் சிதம்பரத்துக்குத் திரும்புகிற பஸ்ஸில், பரங்கிப்பேட்டைப் பிரிவு ரோடு தாண்டிய பிறகுதான் கண்ணாயிரத்துக்கு உறைத்தது. நாற்காலி, தண்ணீர், நீங்க சொல்றது சரிதாங்க, நீங்களே சொல்லுங்க. எல்லாம் அவருடைய சரக்கு. முப்பது வருஷமாக அவர் விற்ற சரக்கை அவள் அவருக்கே விற்றுவிட்டாள். அதுவும் அவர் விற்பதைவிட நயமாக. அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் நின்றது.

ஏனென்றால் தொண்டையில் ஏதோ ஒன்று இருந்தது. சொல்ல வந்து, சொல்ல இடம் கிடைக்காமல், விழுங்கவும் முடியாமல் அங்கேயே குந்தியிருந்தது. கோபமா? அவள் மேல் கோபப்பட என்ன இருக்கிறது, போயிட்டு வா என்று சொன்னது அவர்தானே. அழுகையா? வயசான மனிதன் எதற்காக அழ வேண்டும். எங்கேயோ வைத்துவிட்டு மறந்த மாதிரி இருக்கிறது என்று அந்த மேல்பட்டாம்பாக்கத்துப் பெரியப்பா சொன்னது நினைவுக்கு வந்தது. அப்போது அது பாராட்டாகத் தெரிந்தது. இப்போது அந்த மனிதர் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ முறையிட்டாரோ என்று தோன்றியது. மண்டபத்துக்கு வந்து கத்தி, தண்ணீர் குடித்து, அமைதியாகத் திரும்பிப் போன அத்தனை பேரும் இதைத் தொண்டையில் வைத்துக்கொண்டுதான் வேன் ஏறினார்களா? இல்லை, பாதிப் பேருக்காவது நிஜமாகவே மனசு ஆறியிருக்கும். பாதி என்பதற்கு என்ன கணக்கு? அவருக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டார். காலையில் அவள் வடித்துவைத்துப் போன சோறு இருந்தது, குழம்பும் இருந்தது. தட்டில் போட்டுப் பிசைந்தார். இரண்டு வாய்க்கு மேல் போகவில்லை. மூடி வைத்தார்.

புதன்கிழமை அவள் கடலூரிலிருந்து வந்து சேர, இருவரும் மணவாளநல்லூரில் இறங்கினார்கள். கோயில் வாசலில் எழுதிக் கொடுக்கிறவர் ஒரு சின்ன மேஜையும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடி மூக்கின் நுனியில் நின்றது. விருத்தாம்பாள் பெயர், ஊர் எல்லாம் சொல்ல, அவர் மளமளவென்று ராஜினாமாவை எழுதி நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு உள்ளே போகத் திரும்பினாள்.

கண்ணாயிரம் மேஜைக்கு முன்னாலேயே நின்றார். "எனக்கும் ஒரு தாளு எடுங்க," என்றார்.

விருத்தாம்பாள் நின்றுவிட்டாள்.

"ராஜினாமாவா?"

"இல்லீங்க. பிராது."

"யாரு மேல?"

கண்ணாயிரம் கையைக் காட்டினார். எழுதுகிறவர் கண்ணாடிக்கு மேலாக விருத்தாம்பாளைப் பார்த்தார், அவள் கையில் மை காயாத ராஜினாமாவைப் பார்த்தார். அவருக்கு இந்த மாதிரி கேஸ் வந்ததில்லை போலிருக்கிறது. ஆனாலும் தொழில் தொழில்தானே, தாளை எடுத்தார்.

"என்ன கொறை? சொல்லுங்க."

"கொறைன்னா, பாருங்க, அவ சொல்றதும் நாயந்தான். ஒரு தப்பும் சொல்ல முடியாது. அவ போறதுல நாயம் இருக்குது..."

"ஞாயம்னா எதுக்குங்க பிராது?" என்றார் எழுதுகிறவர்.

பின்னால் இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். கண்ணாயிரத்துக்கு வேர்த்தது. அவர் மறுபடி ஆரம்பித்தார். பஸ்ஸு என்றார், மொழங்கால் என்றார், மாப்ள வூடு என்றார். எழுதுகிறவர் ஒன்றையும் எழுதவில்லை. பேனா தாளுக்கு மேலே சும்மா நின்றது. "அது எல்லாம் காரணம். கொறை என்னன்னு சொல்லுங்க சார். சாமிக்கு வேல இருக்கு."

"அவ இல்லாத வூட்ல எனக்குச் சோறு எறங்க மாட்டங்குது!" என்றார் கண்ணாயிரம்.

அந்தக் குரல் யாருடையது என்று அவருக்கே தெரியவில்லை. வரிசையில் நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். தேங்காய்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அந்தக் குரல் நிற்கவும் இல்லை. "மூணு நாளா எறங்கல. பஸ்ஸும் இல்ல, மொழங்காலும் இல்ல. போவாதடின்னு சொல்லணும்னு இருக்குது. சொல்ல ஒரு நாயமும் இல்ல. நாயம் இல்லாம எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. இதான் பிராது. எழுதுங்க!"

எழுதுகிறவர் பேனாவை மூடினார். "இதுக்குத் தாளு வேஸ்ட்டு சார். எதிரி பக்கத்துலயேதான் நிக்கிறாங்க," என்று சொல்லிவிட்டு வரிசையில் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

விருத்தாம்பாளின் கண் நிறைந்துவிட்டது. அதை அவள் முந்தானையால் துடைத்த வேகத்தைப் பார்த்தால் அடிக்க வருகிறாளோ என்று தோன்றும்.

"இத்தன வருசம் இத எங்க வெச்சிருந்தீங்க? பஸ்ஸுல கூட்டம், மாப்ள என்ன நெனைப்பாரு... நான் இன்னா பஸ்ஸுக்கா வாக்கப்பட்டேன்? இதான் நான் கட்டுன பிராது! இந்த மனுசன் மனசுல இருக்கறத ஒரே ஒரு தடவ எங்கிட்ட நேரா சொல்லணும்னு. சண்டையாவே இருந்தாலும் சரின்னு!"

விருத்தாசலத்துப் பெண்ணின் வாயைக் கண்ணாயிரம் அன்றுதான் பார்த்தார்.

"சொல்லிட்டேன்ல? அப்ப போவாத," என்றார்.

"போவத்தான் போறேன்."

"போவாதங்கறேன்."

"போவேங்கறேன். நீங்க இத மொதல்லயே சொல்லியிருந்தா, ஒரு வேள போயிருக்க மாட்டேன். இப்ப போவேன்."

"இது இன்னாடி நாயம்?"

"நாயம் கெடையாது. எனக்குச் சமைக்கணும், நாலு பேரு சாப்ட்டுட்டு நல்லாருக்குன்னு சொல்லணும். அவ்ளோதான். இதுல இன்னா நாயம் வேணும்?"

அவள் உள்ளே போய் ராஜினாமாவைக் கொடுத்துவிட்டு, நெற்றியில் விபூதியோடு வந்தாள். பஸ்ஸில் ஏறியும் விடவில்லை. சேத்தியாத்தோப்பு வரைக்கும் கோயம்புத்தூர் காலேஜ், அவளுக்குப் பிடிக்காமல் அடித்த வீட்டுச் சுண்ணாம்பு, தம்பி கல்யாணத்துக்கு ஒரு நாள் முன்னால் போக முடியாமல் போனது என்று பழைய பாக்கி ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கண்ணாயிரமும் பதிலுக்குப் பதில் பேசினார். அவருக்குப் பழக்கம் இல்லாததால் அடிக்கடி தடுக்கியது, பாதி இடங்களில் தான் எந்தப் பக்கம் பேசுகிறோம் என்பதே மறந்தது. முன் சீட்டுக்காரர் திரும்பி, "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க சார்" என்றார். வாழ்நாளில் அவரிடம் இப்படி யாரும் சொன்னதில்லை. சேத்தியாத்தோப்பில் இறங்கி டீ குடித்தபோது அவருக்கு நல்ல பசி எடுத்தது. அது ஏன் என்றும் விளங்கவில்லை. இரண்டு வடை வாங்கி, ஒன்றை அவளிடம் நீட்டினார்.

மண்டபத்தில் இப்போதும் சண்டை வந்தால் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். அவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து மெதுவாகத்தான் பேசுகிறார். ஆனால் எதிராளி தண்ணீர் குடித்து அடங்கி எழுந்திருக்கும்போது, "வேற ஏதாச்சும் மனசுல இருந்தா சொல்லிட்டுப் போங்க" என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்கிறார். சில பேர் மறுபடி உட்கார்ந்து கத்துகிறார்கள். முதலாளிக்கு இது பிடிக்கவில்லை. கண்ணாயிரத்துக்கு வயசாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கோயிலுக்குப் போய்வந்த அடுத்த திங்கட்கிழமை காலை விருத்தாம்பாள் கடலூருக்குக் கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கண்ணாயிரம் கூடவே போனார்.

"போவாத," என்றார்.

"போயிட்டு வரேன். குழம்பு ரெண்டு நாளைக்கு இருக்குது, சுட வெச்சிச் சாப்புடுங்க."

"போவாதடி," என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு, அவள் கையிலிருந்த பையை வாங்கி, கூட்டத்தை இடித்துக்கொண்டு ஏறி, ஜன்னல் ஓரத்து சீட்டில் போட்டு இடம் பிடித்தார்.